வண்டி ஏன் நிற்கிறது

மாதவரம் கிடங்கு, இரண்டாம் மாடி.
எனக்கு ஒரு திரை, ஒரு கை உடைந்த நாற்காலி,
இரவு முழுக்க அறுபத்து நான்கு பச்சைப் புள்ளிகள்.
புள்ளி நகர்ந்தால் எனக்கு வேலையில்லை.
பத்து நிமிடம் நின்றால் சிவக்கும்.
சிவந்தால் கூப்பிட வேண்டும்.
"அண்ணே, வண்டி ஏன் நிக்குது?"

டீ.
நல்லூர் டோல்கேட், முன்னாடி முப்பது வண்டி.
ஆபீசர் பேப்பர் பாக்குறாரும்மா.
பாத்துக்கிட்டே இருக்காரு.
"ஒண்ணுக்குப் போறதையும் உங்கிட்ட சொல்லணுமா?"
என்று கேட்டவர் கஜபதி, முப்பது எழுபத்தாறு.
காரணம் என்ற கட்டத்தில் ஆறு சொற்கள்தான் இருக்கின்றன,
அது அவற்றில் இல்லை.
'தனிப்பட்டது' என்று அழுத்தினேன்.
எட்டு நிமிடம் அவர் கணக்கில் போனது.

இரண்டு வருடமாகக் குரல் மட்டும்.
ஜன்னல் காற்று, இருமல்,
எதிரே வரும் வண்டி கடக்கும்போது
பாதியில் நின்று, கடந்ததும் தொடரும் வாக்கியம்.
உரிமத்தில் இருக்கும் படம்
கல்யாணத்துக்கு முன்பு எடுத்ததாக இருக்கும்.

நேற்று, டங்குனியிலிருந்து நாலாம் ராத்திரி,
நாயுடுப்பேட்டை தாண்டி, இரண்டு நாற்பதுக்கு
முப்பது எழுபத்தாறு சிவந்தது.
கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
மறுபடி.
பதினைந்து. பதினெட்டு.

போன ஐப்பசியில் காவலி அருகே
ஒரு புள்ளி சிவந்து, சிவந்தபடியே இருந்தது.
வண்டியைக் கிரேன் அன்றே தூக்கிவிட்டது.
புள்ளியைத் திரையிலிருந்து எடுக்க
நாலு நாள் ஆனது.
அந்த நாலு நாளும் பத்து நிமிடத்துக்கொரு முறை
கூப்பிடு கூப்பிடு என்றது திரை.

இருபத்திரண்டாம் நிமிடம் நகர்ந்தது.
அவரே கூப்பிட்டார்.
"தூங்கிட்டேன்மா. ஓரங்கட்டிட்டுத்தான்.
இல்லன்னா ஓட்டிக்கிட்டே தூங்கியிருப்பேன்.
எழுதிக்க."

ஆறு சொற்களிலும் தூக்கம் இல்லை.
'டயர்' என்று அழுத்தினேன்.

டயர் என்றால் பட்டறைக்குத் தானாகச் சீட்டு போகும்.
அந்த நேரத்தில் அது எனக்கு நினைவில்லை.

காலை ஐந்தரைக்கு வண்டி உள்ளே வந்ததும்
பெரம்பூர் ரெஜினால்டு டார்ச்சோடு போய்
"எது?" என்றான்.
கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றேன்.
கைலி, ஈரத் தலை, நினைத்ததைவிடக் குள்ளம்.
டார்ச்சைப் பார்த்தார். ரெஜினால்டைப் பார்த்தார்.
கொஞ்சம் யோசித்தார்.
பின்னால் இடது பக்கம் போய்
ஒரு சக்கரத்தைக் காலால் தட்டி
"இதான்" என்றார்.
ரெஜினால்டு குனிந்து தடவினான், கம்பியால் அடித்தான்,
காது வைத்தான்.
நல்ல டயர் என்று அவனுக்கும் கேட்டிருக்கும்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஷிப்ட் முடிந்து இறங்கினேன்.
முன்சக்கரத்தில் சாய்ந்து, பாட்டில் தண்ணீரில்
வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.
இரண்டடி தள்ளி நடந்தேன்.
வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார்.
திறக்கவில்லை.
மூலக்கடை வரை நடந்து பஸ் பிடித்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது
டோக்கன் நாற்பத்தொன்று, இன்னும் கூப்பிடவில்லை.
பன்னிரண்டு மணி நேரமாக அதே இடம்,
கேபினுக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

மாடிக்கு ஏறித் திரையைத் திறந்தேன்.
கிடங்கு மதிலுக்குள் நிற்கிற வண்டி
எங்களுக்காக நிற்கிறது, அதனால் சிவக்காது.
முப்பது எழுபத்தாறு
பச்சையாக இருந்தது.