நடுப்பகுதி இல்லை

அக்டோபரிலேயே தொடங்கிவிடும் அவனுக்கு.
இந்த வருடம் நாலாயிரத்து இருநூறு மரம்
என்றான் வெண்டல், காலணியைக் கழற்றாமலே.
எண்ணியது முதலாளி. வெட்டியது இவன்.
வலைக்குள் சுருண்டு, லாரியேறி
எல்லாம் பாஸ்டன் போய்விட்டன.
அங்கே யாரோ ஒரு குடும்பம்
இது குட்டை, அது கோணல், இதற்கு முதுகுப்பக்கம் சொட்டை என்று
சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

"நம் வீட்டுக்குள் ஒரு மரம் வந்தால்
நான் வெளியே போய்ப் படுத்துக்கொள்கிறேன்."
சொன்ன வாயோடு தூங்கிப்போனான்.

அதனால்தான்
தேவாலயத்தின் நிலவறை விற்பனையில்
ஆறு டாலருக்கு அந்த அட்டைப்பெட்டியை வாங்கினேன்.
கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.
வாங்கியவள் கொல்லன் பெண்டாட்டி.
ஊசியும் பிளாஸ்டிக்.

பெட்டியின் மேல் படத்தில் ஏழடி மரம்,
அடியில் ஒரு நாய், நாயின் கழுத்தில் ரிப்பன்.
பெட்டிக்குள் கம்பிக் கிளைகள்.
ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சாயப்பொட்டு:
சிவப்பு அடிவரிசைக்கு, நீலம் அதற்கு மேலே,
இப்படியே போகவேண்டும் உச்சிவரை.
கிளைவ் சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல்
தரை முழுக்கப் பரப்பினான்.
ரோவினா இரண்டு தரம் எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.
"அம்மா, மஞ்சள் இல்லை. வெள்ளை இல்லை."
நடுத்தண்டும் இல்லை.

காலையும் தலையையும் கட்டிக்கொடுத்திருக்கிறாள்
திருமதி வைனாட்.
திருப்பிக் கொடுக்கலாம்தான்.
ஆனால் அவளுக்கு அது ஆறு டாலரோடு முடியாது.
மரம்வெட்டி வீட்டில் பிளாஸ்டிக் மரம் என்று
துறைமுகம் வரைக்கும் போய்ச் சேரும்.

துடைப்பத்தை உடைத்தோம்.
கழியின் ஒரு முனையில் கால், மறு முனையில் தலை,
இடையில் இரண்டடி வெறும் கழி.
பாவாடை கட்டிய எதுவோ ஒன்று
தொப்பியோடு நின்றது.

பிள்ளைகள் அந்த வெறுங்கழியைத்தான்
அதிகமாக அலங்கரித்தார்கள்.
சோளப்பொரி மாலை, துணிக்கவ்வியில் செய்த தேவதை,
சிங்கிறால் கூண்டிலிருந்து கழன்ற ஆரஞ்சு அடையாளத் தகடு,
பாதி விளக்குகள் எரிந்து பாதி யோசித்துக்கொண்டிருந்த சரம்.
எதைப் போட்டாலும் வழுக்கி
கீழ்க்கிளையில் வந்து உட்கார்ந்தது.

"இதற்கு பொம்மைக்கடை வாசனை," என்றாள் ரோவினா.
என்ன சொல்வது? வாசனை வேண்டாம் என்றுதானே
ஒருவன் உள்ளே குறட்டை விடுகிறான்.
அவள் பின்வாசலுக்குப் போய்
அவனுடைய கையுறைகளை எடுத்துவந்தாள்.
பிசின் ஏறி விறைத்து
கையில்லாமலே எதையோ பிடித்துக்கொண்டிருந்தவை.
கிளைவ் மேல்சட்டையைக் கொண்டுவந்தான்.
கழியைச் சுற்றிப் போர்த்தி
கழுத்துவரை பொத்தான் போட்டான்.
நான் தடுக்கவில்லை.
கூடம் முழுக்கக் காடு வந்துவிட்டது.

நாலரை மணிக்கு எழுந்திருப்பான்.
மரம் தீர்ந்தால் வேலை தீர்ந்ததா?
இனி மலர்வளையங்களுக்குக் கொப்பு ஒடிக்கவேண்டும்.
படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.
பின்வாசலில் தேடுகிறான்.
நாற்காலியை நகர்த்துகிறான்.
ஒரு கெட்ட வார்த்தை.
கூடத்து விளக்கு.
பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை.
ஒரு பொத்தான் கழலும் சத்தம் வரும் என்று
காதைத் தீட்டி வைத்திருந்தேன்.
கதவு சாத்தியது.

ஜன்னலுக்கு ஓடினேன்.
என் ஊதா நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு,
முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்ட கைகளோடு,
பனியில் லாரிக்குக் காத்து நின்றான்.
லாரிக்குள்ளிருந்து வந்த சிரிப்பு
எங்கள் ஜன்னல்வரை கேட்டது.

சாயங்காலம் வந்தவன் யாரிடமும் பேசவில்லை.
சுவரோரம் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்,
நாலாயிரத்து இருநூறு மரத்தைப் பார்த்த கண்.
"இடப்பக்கம் சாய்கிறது."
கோட்டுப் பையிலிருந்து ஒரு மரச்சில்லை எடுத்து
முக்காலியின் காலடியில் செருகினான்.
தள்ளி நின்று பார்த்தான்.
மறுபடி குனிந்து, இன்னும் கொஞ்சம் செருகினான்.

என் கோட்டுப் பையில் பிசின்.
இன்னும் போகவில்லை.