எண் நாற்பத்தேழு

ஏழாம் நம்பர் மலையின் விளிம்பில்
தேயிலை முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில்
அந்த டர்பன்டைன் மரம்.

முதல் வருடம் அளக்கப் போனபோது
என் நாடா மூன்று மீற்றர்தான்.
கொழுந்து மூட்டை கட்டும் கயிற்றைப்
பவளராணியிடம் வாங்கி
நெஞ்சு உயரத்தில் சுற்றினேன்.
மறுபக்கம் போய்த் திரும்புவதற்குள்
கயிற்றின் நுனியில் ஓர் அட்டை ஏறியிருந்தது.
ஐந்து மீற்றர் அறுபத்திரண்டு.
உயரம் என்ற கட்டத்தில்
'மூடுபனி' என்று எழுதினேன்.
வேறெதுவும் தெரியவில்லை.

இடுப்பு வரைக்கும் கறுத்து வெடித்த பட்டை.
அதற்கு மேல் அது வேறு மரம்:
வழுவழுப்பு, சாம்பல்,
சாம்பலுக்குள் பச்சை,
உரிந்த இடத்தில்
தீக்காயம் ஆறும்போது வருகிற
அந்த இளஞ்சிவப்பு.
இலைகள் விரிந்து படுப்பதில்லை,
வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் தொங்குகின்றன.
இவ்வளவு வளர்ந்தும் ஒரு நிழலுக்கு வக்கில்லையே என்று
பகல் சோற்று நேரத்தில்
தவசீலன் அதைத் திட்டாத நாளில்லை.

ஆனால் மழையில்லாத விடியலில்
மவுசாக்கலைப் பக்கமிருந்து பனி ஏறும்போது
அங்கே மட்டும் மழை.
ஒவ்வோர் இலை நுனியும்
பனியைப் பிடித்துச் சொட்டாக்கிவிடுகிறது.
மரத்தடியில் ஒரு வட்டம் சேறு,
வட்டத்துக்கு வெளியே தூசி.
கோட்டின் மேல் நின்று
ஒரு தோளை மட்டும் நனைத்துப் பார்த்திருக்கிறேன்.

மேலே, மூன்றாவது கவட்டில்,
கம்பளி காயப்போட்டது போல
குளவிக்கூடுகள்.
தூரத்தில் அசைவில்லை.
உற்றுப் பார்த்தால்
மேலிருந்து கீழே ஒரு நடுக்கம் ஓடி அடங்கும்.
மாசியில் அவை இறங்கி வந்த நாளில்
ஏழு பேர் டிக்கோயா ஆஸ்பத்திரியில்.
ஒருத்தி என் மனைவி.
வீங்கிய இமையைத் திறக்காமலே
"அந்தச் சனியன வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

துரை கையெழுத்திட்டார்.
சிவப்புப் பெயின்டில் நான்தான் எழுதினேன்:
47.
அனுமதிக் கடிதம் நுவரெலியாவுக்குப் போனது,
போனதுதான்.
ஆடிக் காற்றில் பட்டை நீள நீளமாய் உரிந்தது.
முதலில் நாலு போனது.
ஏழு மட்டும் ஒரு வாரம்
பாதி ஒட்டிக்கொண்டு படபடத்தது.
அடுத்த வருடமும் எழுதினேன்,
அடுத்த வருடமும் உரித்துப் போட்டது.

நேற்று எங்கள் அடுப்படியில்
சுள்ளிகளுக்கு நடுவே சுருண்ட பட்டையொன்று.
உள்ளே சிவப்பாய் ஏதோ.
நான் பிரித்துப் பார்ப்பதற்குள்
அவள் அதைத் தீயில் செருகிவிட்டாள்.
காம்பறா முழுக்கத் தைல வாசம்.
பெயின்ட் மட்டும் கறுப்பாய்ப் புகைந்தது.

இன்று காலை மறுபடி கயிறு.
ஐந்து மீற்றர் எழுபது.
இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டேன், எழுபதுதான்.
ரின் மூடி இறுகிப்போயிருக்கிறது.
திறக்க ஓர் ஆணி தேடுகிறேன்,
தலையில் சொட்டிக்கொண்டேயிருக்கிறது.