நாற்பத்தெட்டில் ஒன்று

நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவள் நான்.
ஊர்களைச் சுருக்கித்தான் சம்பளம்.
பெட்டியின் மூலையில் 1:48 என்று கண்டதும்
மற்றதை வாசிக்கவில்லை.

நோர்வேயிலிருந்து தம்பி அனுப்பினது.
குழாய், மூக்கு, பல்சாப் பலகை, செம்மஞ்சள் பரசூட்,
தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துகள்.
என்ஜின் மட்டும் இல்லை. சுங்கம் எடுத்துக்கொண்டு
எடுத்ததற்கு ஒரு துண்டு வைத்திருந்தது,
ஒழுங்காக, மூன்று மொழியில்.

செட்டை நாலு.
நார் ஓடும் திசையில் வெட்டாவிட்டால்
காற்று முறிக்கும் என்று தாளில் இருந்தது.
இரண்டைக் குறுக்கே வெட்டின பிறகுதான் வாசித்தேன்.
ஸ்ரான்லி வீதியில் பல்சா இருக்கோ என்று கேட்க,
நோவுக்கோ தடிமலுக்கோ என்றான் கடைக்காரன்.
மிச்சப் பலகையில் ஒன்றுதான் தேறியது.
மற்றதை அப்படியே ஒட்டினேன்.
தொண்ணூறு பாகை தொண்ணூறாக நிற்க
கந்தோர்ப் பாகைமானி வீட்டுக்கு வந்தது,
பதிவேட்டில் ஒப்பம் வைக்காமல்.

கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாய்ப் பெயின்ற்.
மாரி ஈரத்துக்குக் கறுப்பு பூத்துச் சாம்பலானது.
உரஞ்சி, திரும்ப. உரஞ்சி, திரும்ப.
மூன்றாம்தரம் காயும்போது ஒரு நுளம்பு
இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.
விட்டுவிட்டேன்.
நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஒரு மைனா.

கந்தோரில் அதன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.
"உங்கட அந்தச் சாமான் முடிஞ்சுதோ?" என்பார்
பிரதான லிகிதர் தணிகாசலம், கதவைப் பார்த்தபடி.
தொலைபேசியில் தம்பியோடு கதைக்கையில்
என் நாக்கும் அந்தச் சொல்லின் பக்கத்தில் போய்
வேறு சொல்லோடு திரும்பும்.

பொலிஸ் படிவத்தில் எழுதத்தான் வேண்டியிருந்தது.
பொருள்: மாதிரி றொக்கெற்.
நோக்கம்: மேலே போய்த் திரும்பி வருதல்.
சாஜன் இரண்டாம் வரியை இருமுறை வாசித்து
முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.
அந்தக் கடுதாசிக்குக் கொழும்பிலிருந்து
இரண்டு என்ஜின் வந்தது, சுண்டுவிரல் பருமனில்.

மாசி. கல்லுண்டாய் வெளி. விடிய ஆறரை.
வாடை ஓய்ந்த மாதிரித்தான் இருந்தது.
சங்கிலி பிடிக்கிற டெஸ்மன் நூறு மீற்றர் அளந்து
தியடலைற்றோடு நின்றான், உச்சியில் கோணம் எடுக்க.
பழைய முக்காலியில் கம்பி, கம்பியில் அது,
மோட்டார்சைக்கிள் பற்றரியிலிருந்து வயர்.
முதல்தரம் அமத்தினேன். ஒன்றுமில்லை.
ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தது தாளில்.
பொறுத்தோம், வாயைக் கொஞ்சம் திறந்தபடி.
பழக்கம்.

இரண்டாம்தரம்
சூவென்று கிளம்ப
ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மனிதர்
குப்புற விழுந்து இரண்டு கையாலும் பிடரியை மூடினார்.
ஆடுகள் தலை நிமிர்த்தி, திரும்ப மேய்ந்தன.
டெஸ்மன் கருவியை விட்டுவிட்டு ஓடினான்.
நானும்.
அது எவ்வளவு உயரம் போனதென்று
ஒருவரும் பார்க்கவில்லை.
வெளிப்புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு.

கிட்டப் போகமுதல் அவரே எழும்பிவிட்டார்.
சாரத்தில் ஒட்டின உப்புமண்ணைத் தட்டினார்.
ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.
அவர் வானத்தைக் காட்டி, "உது உங்கடயோ?"
செம்மஞ்சள் குடை
கடலேரிப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

எனக்கு முதல் அவர்தான் இறங்கினார், முழங்கால் தண்ணீரில்.
கோழியைக் காலில் பிடிப்பதுபோல் பிடித்து வந்தார்.
செட்டையில் ஒன்று இல்லை.
எது என்று எனக்குத் தெரியும்.
நுளம்பு அப்படியே இருந்தது.

"உண்மையானது எவ்வளவு பெரிசு, பிள்ளை?"
சுற்றிப் பார்த்து
வீதிக்கரையில் நின்ற பனையைக் காட்டினேன்.
அவர் அடியிலிருந்து தொடங்கினார்.
வட்டு வரைக்கும் மெல்ல ஏறின கண்ணை
அங்கே நிறுத்தாமல்
இன்னும் கொஞ்சம் மேலே விட்டார்.