கிடாரிக் கணக்கு

"வெறும் குழாய்தானே ஸுல்மா, இதற்கா இவ்வளவு?"
ஹெர்வாசியோ கேட்டபோது
டங்ஸ்டன் முனையைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
முனை கூராகும்வரை பதில் சொல்லவில்லை.

திங்களன்று நான் கொடுத்த விலைப்பட்டியல்
வியாழனன்று பழைய செய்தித்தாள்.
ரஃபேலாவில் இது யாருக்கும் புதிதில்லை.
இரும்புக் கடைக்காரர் போனை எடுத்ததும்
இன்றைய டாலர் என்ன என்பார்,
அப்புறம்தான் நலம் விசாரிப்பார்.
நாற்பத்தொரு மீட்டர் குரோமோலி
ரொசாரியோவிலிருந்து எண்ணெய்த் தாள் சுற்றி வந்தது.
லாரி வருவதற்குள் விலை
எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது.

அவன் மாட்டு வைத்தியன்.
பசுவுக்குள் தோள்வரை கைவிட்டுக்
கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்பவன்.
அவனிடம் எண்களைப் பேசி என்ன?
கையைப் பிடித்து இழுத்துப்போய் மூட்டின் மேல் வைத்தேன்.

தடவிப் பார்.
ஒரு குழாயின் மேல் மூன்று குழாய் வந்து உட்காருகின்றன.
மூன்றின் வாயையும் மீன்வாயாய்க் குடையவேண்டும்.
இடுக்கில் காகிதம் நுழைந்தால் தப்பு.
நுழையாமல் இருக்க, வாய்க்கு நாற்பது நிமிடம்.
மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வாய்.
பெருக்கிக்கொள் என்றேன்.
அவன் பெருக்கவில்லை.

பிறகு சூடு.
பற்றவைத்த பக்கமே இரும்பு சாயும்.
இங்கே ஒரு விரற்கடை, உடனே எதிர்மூலையில் ஒரு விரற்கடை;
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளுக்குப்
பரிமாறுவதுபோல் மாறி மாறி,
யாருக்கும் ஒரு கரண்டி கூடாமல்.
அப்படியும் ஜூலையில் ஒரு ராத்திரி
மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால்
நான்கு மில்லிமீட்டர் இடித்தது.
நாடாவைத் திட்டினேன். வேறு நாடா எடுத்தேன்.
அதுவும் நான்கு என்றது.

ஞாயிற்றுக்கிழமை மண்தடத்தில் ஓட்டப்போகிற வைத்தியனுக்கு
அந்த நான்கு தெரியாது.
பின்சக்கரத்துக்குத் தெரியும்.
வெட்டினேன், பதினோரு மூட்டு.
மூன்று இரவு, ஒரு சிலிண்டர் ஆர்கான்,
காலர் பொத்தான் போடாத இடத்தில் கழுத்தில் ஒரு கறுத்த முக்கோணம்.
கணக்கு எழுதும் தங்கை நொயெமி
'இதரச் செலவு' என்று போடலாம் என்றாள்.
என் கை செய்த கோணலுக்கு
அவன் ஏன் பணம் தரவேண்டும்?
அந்த வரி காலியாகவே இருக்கிறது.

செப்டம்பரில் பாக்கியைக் கொண்டுவந்தான்.
செருப்புப் பெட்டி நிறையப் பெசோ.
மூவரும் உட்கார்ந்து எண்ணினோம்.
பேசிய தொகைதான், ஒரு நோட்டும் குறையவில்லை;
இரண்டு டயர் வாங்கலாம், அவ்வளவுதான்.
அவன் காது சிவந்தது.
பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் டிரெய்லரில் இரண்டு கிடாரிகள்.
கறுப்பு வெள்ளை, வாலில் இன்னும் கன்றுமயிர்.
"இவை ராத்திரியோடு ராத்திரியாக இளைக்காது" என்றான்.
ஒன்று நேராக சேஸிஸிடம் போய்
ஸ்டியரிங் தாங்கியை மோந்து பார்த்து
ஒரு நக்கு நக்கியது.
அந்தப் பற்றுக்கோட்டை
அதுவரை அத்தனை அக்கறையாக
யாரும் பார்த்ததில்லை.

டிரெய்லரின் வைக்கோலைக்கூடக் கூட்டவில்லை.
அவன் ஒரு முனை, நொயெமியின் பையன் மறுமுனை.
ஐந்து மாதத்தை இரண்டு பேர்
மூச்சு வாங்காமல் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.
"இவ்வளவு லேசா!" என்றான் ஹெர்வாசியோ.
அதற்குத்தான் காசு என்றேன்.

நொயெமி பேனாவைக் கடித்துக்கொண்டு
வரவில் எழுதினாள்: கிடாரி, இரண்டு உருப்படி.
கொல்லையில் அவை கத்தத் தொடங்கின.
பசியா, இடம் புதிதா, எனக்கென்ன தெரியும்.
தீவனக் கடைக்குப் போன் போட்டு விலை கேட்டேன்.
இன்றைக்கே எடுத்துக்கொள் அம்மா,
காலையில் ஏறிவிடும் என்றார்.