ஆறு புள்ளி இரண்டு

மூன்று புள்ளி ஒன்று என்றால்
எனக்குப் பயமில்லை.
லிங்கன்பெரிச் சாறு ஒரு குவளை,
நாலு கரண்டி சர்க்கரை,
கைக்கடிகாரத்தில் பதினைந்து நிமிடம்.
அதற்குள் டைஸ்டோ திரும்பிவிடுவார்.
முதலில் உதட்டோரம் அசையும்,
பிறகு வசவு:
"இதில் யார் காடி ஊற்றியது?"
என் ஆள்தான். சந்தேகமே இல்லை.

இருபத்து மூன்று வருடமாக இப்படித்தான்.
கெமித் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
உயரத்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
மூன்று டன் காகித உருளையைக்
கப்பலின் வயிற்றுக்குள்
முட்டை வைப்பதுபோல் வைப்பார்.
அதே கைதான் நோட்டிலும் எழுதியது.
காலை, மதியம், இரவு
கட்டத்துக்கு வெளியே கால்கூட நீட்டாத எண்கள்,
நீல மசியில்.
பதினோரு நோட்டுகள்.
எங்கள் கல்யாணத்துக்கே இவ்வளவு சாட்சி கிடையாது.

பன்னிரண்டாவதில்
ஏழு சாய்ந்து ஒன்றானது.
ஒரு வாரத்துக்கு இரண்டு செவ்வாய் வந்தது.
ஒரு கட்டத்தில் எண்ணே இல்லை,
"வடகிழக்குக் காற்று" என்றிருந்தது.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கிறேன்.

ஜூனில் எங்கள் ஊருக்கு இரவு கிடையாது.
சூரியன் கடலைத் தொட்டுப் பார்த்து
மனம் மாறி மேலே வந்துவிடும்.
நடுநிசி தாண்டி இரண்டு மணி,
சமையலறை முழுக்க வெயில்.
விடிந்துவிட்டது என்று எழுந்தவர்
காப்பி வைத்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவி,
காலை ஊசியைப் போட்டுக்கொண்டார்.
ரொட்டியை மறந்தார்.
சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தபோது
அவருக்கு இன்னொரு முறை விடிந்தது.
இன்னொரு ஊசி.

நான் பார்க்கையில் தரையில் கிடந்தார்.
சட்டை பிழிந்தெடுத்ததுபோல் ஈரம்.
மேஜையில் அந்த ரொட்டி,
வெண்ணெய் உருகி, ஒரு கடிகூடக் கடிபடாமல்.

ஆஸ்பத்திரியில் சினிக்கா நர்ஸ் சொன்னாள்:
"இனி ஒன்பது, பத்துகூட இருக்கட்டும் இர்யா.
இவர் வயதில் உயர்வதைவிடத் தாழ்வதுதான் மோசம்.
தாழ்ந்துபோகும் ஒவ்வொரு தடவையும்
மூளையிலிருந்து எதையாவது கொண்டுபோகலாம்.
மறதி இருப்பவருக்குத் தாழ்வதும் சுலபம்.
எது எதை இழுத்து வந்தது என்று
எங்களால் சொல்ல முடியவில்லை."
அப்படியென்றால் அந்த அழகான எண்கள்?
வருடா வருடம் நீங்களெல்லாம் தட்டிக்கொடுத்தீர்களே?
கேட்டேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு, ஊசிப் பெட்டியின் சாவியை
என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு மாலை.
சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து
வெகு மரியாதையாகக் கேட்டார்:
"நேரமாகிவிட்டதே,
உங்கள் வீட்டில் தேடமாட்டார்களா?"

விரலைப் பிடித்தேன். குத்தினேன்.
தாழ்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
இரண்டாக இருக்கட்டும்,
இரண்டரையாக இருக்கட்டும்,
எந்தப் பெண்டாட்டியும் வேண்டாததை வேண்டினேன்.
ஆறு புள்ளி இரண்டு.
முன்பென்றால் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருப்பார்.

தெரிந்தும் சாறு கொடுத்தேன்,
அரைக் குவளை மட்டும்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினைந்து.
இருபத்தைந்து.
மழை சாரளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
"நன்றாக இருக்கிறது" என்றார், "நன்றி."
காடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வேறென்ன செய்ய?
நோட்டை எடுத்து எண்ணை எழுதினேன்.
எட்டிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.
"ஆறு கோட்டைத் தாண்டுகிறது, பாருங்கள்."
பேனாவை வாங்கிக்கொண்டு
அடுத்த கட்டத்தில்
மெல்ல, மிக மெல்ல,
அதே எண்ணை இறக்கி வைத்தார்.