பதினான்காவது புள்ளி

ஜூரோங் கிடங்கின் குளிரறை. பதினெட்டு டிகிரி.
கையுறை மாட்டிக்கொண்டு
இங் பூன் கியாட் விட்டுப்போன கடலை
வெளிச்சப் பெட்டிமேல் கிடத்துகிறேன்.
தானா மேரா, 1961.
நெகட்டிவில் வானம் கரி, நிழலெல்லாம் பால்.

இந்தப் படத்தை எல்லோருக்கும் தெரியும்.
வங்கி நாட்காட்டியில் வந்தது,
என் பல் மருத்துவர் சுவரிலும் தொங்குகிறது.
வற்றிய கடல், தூரத்தில் ஒரு கேலோங்,
ஈ காக்கை இல்லை.
ஆளற்ற வெளியின் தவம் என்று எழுதினார்கள்.
போன மாத ஏலத்தில் ஒரு பிரதி
நாற்பதாயிரம் வெள்ளி.
படலத்தில் உள்ள வெள்ளியைச் சுரண்டினால்
ஒரு மூக்குத்திக்குத் தேறாது.

கணினி பதினான்கு தூசிகளை வட்டமிட்டு
அழிக்கட்டுமா என்கிறது.
பூஞ்சை, நூல், கீறல்,
ஒன்று அவருடைய இமைமுடியாகக்கூட இருக்கலாம்.
பதினான்காவதைப் பெரிதாக்கினேன்.

குனிந்திருக்கிறாள்.
முழங்கால்வரை சேறு.
மட்டி பொறுக்குகிறாள்.

இருட்டறையில் இந்த மூலைக்கு மட்டும்
எத்தனை நொடி கூடுதல் வெளிச்சம் கொடுத்திருப்பார்,
அவள் சேற்றோடு சேறாகும்வரை?
கை நடுங்கியிருக்குமா?
நல்ல படம்தான். அதில் சந்தேகமில்லை.

அந்தக் கடலையும் பிறகு மண் கொட்டித் தூர்த்தார்கள்.
இப்போது அங்கே விமானங்கள் இறங்குகின்றன.
பினாங்கிலிருந்து திரும்பிய இரவு
சக்கரம் தரை தட்டியபோது
நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

நீக்கிய குறைகள் என்ற கட்டத்தில்
13 என்று எழுதுகிறேன்.
சித்தி ரஹாயு கேட்பார். கேட்கட்டும்.

மணி ஒன்றாகப் போகிறது, பசிக்கிறது.
அவள் கூடை
இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது.