உயரம் (மீற்றரில்)

அனுமதிக் கடிதத்தில் 'றொக்கெற்' என்று எழுத வேண்டாம் என்றார் அதிபர்.
திருகோணமலையில் அந்தச் சொல்லுக்கு
வேறு சத்தம் இருக்கிறது.
வினோபன் மூன்று தரம் வெட்டி எழுதினான்.
கடைசியில் பொலிசுக்குப் போனது இப்படி:
'நீரினால் இயங்கும் பிளாஸ்ரிக் போத்தல். மாணவர் செயற்பாடு. தீப்பற்றாது.'
தீப்பற்றாது என்பதன் கீழ் இரண்டு கோடு.

போத்தல்கள் அஸ்மியாவின் மாமா மகள் கலியாணத்தில் பொறுக்கியவை.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில், ஓர் உரப்பையில், இருபத்தேழு.
செட்டைகள் போன தேர்தலின் விளம்பரத் தட்டி;
ஒன்றில் யாரோ வேட்பாளரின் காதும்
அரைச் சிரிப்பும் இன்னும் இருந்தன.
பரசூட், கிழிந்த குடை.
மூக்கில் பஞ்சு சுற்றிய ஒரு பச்சை முட்டை.
உடையாமல் இறங்கி
பத்து நிமிடத்துக்குள் நடுவர் மேசைக்கு வரவேண்டும்.
போட்டி அதுதான்.

எனக்குத் தந்த வேலை கோணம்.
பாகைமானி, ஒரு ஸ்ட்ரோ, நூல், நூலில் தொங்கும் நட்டு.
ஐம்பது மீற்றர் தள்ளி நின்று
ஸ்ட்ரோவுக்குள்ளால் பார்க்க வேண்டும்,
உச்சியில் நூலை விரலால் அமத்த வேண்டும்.
மிச்சத்தைத் தான்சன் அட்டவணை பார்த்துக்கொள்ளும்.
இரண்டு கிழமையாய்த் தண்ணீர்த் தாங்கியை அளந்தேன்,
தென்னையை அளந்தேன்,
கோயில் நிற்கும் மலையைக்கூட, பிழையாக.
ஊரின் பேரிலேயே கோணம் இருக்கிறது,
உனக்கென்னடி பயம் என்றாள் கஜானி.

ஆடி மாதம். கச்சான் எட்டரைக்கே எழும்பிவிட்டது.
மைதானத்துப் புழுதியெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
மூதூர் அணியின் போத்தல் ஏறமுன்னமே வெடித்தது.
புல்மோட்டைப் பெடியன்களுடையது கொஞ்சம் ஏறி,
ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோலத் திரும்பி,
நடுவரின் கூடாரத்தில் விழுந்தது.

பம்ப் டிலக்சனிடம்.
அறுபது. எழுபது. முள் நடுங்கியது.
எண்பதில் அவன் முழங்கையும்.
அஸ்மியா ஐந்து, நாலு என்று எண்ண
மூன்றிலேயே கொழுவி கழன்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்ல எனக்கு வராது.
தண்ணீர் வெள்ளையாய் ஒரு கணம் நிலத்தில் நின்றது.
போத்தல் அதில் இல்லை.
எங்கேயோ மேலே அந்தக் காது ஒருதரம் மின்னியது.
காகங்கள் மிகப் பதிவாய்ப் பறந்தன.
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்,
இரண்டு கண்ணாலும்.
ஸ்ட்ரோ என் நாடியில் குத்திக்கொண்டிருந்தது.

குடை விரிந்தது. கச்சான் பிடித்தது.
மைதானம் தாண்டி, தெரு தாண்டி,
கடற்படை முட்கம்பிக்கு அப்பால் பூவரசுகளுக்குள்.

ஐந்து பேரும் ஓடினோம்.
காவலரணில் நின்றவர் துவக்கை அசைக்கவில்லை,
பார்த்தார், அவ்வளவுதான்.
டிலக்சனின் கைகள் தாமாகவே மேலே போயின.
யாரும் உயர்த்தச் சொல்லவில்லை.

சிங்களம் அஸ்மியாவுக்குத்தான் வரும்.
போத்தலய என்றாள். பித்தர என்றாள்.
வினோபன் கடிதத்தை நீட்டினான்.
அவர் அதை வாசிக்காமல் உள்ளே போனார்.
ஆறு நிமிடம். ஏழு.
ஒரு மான் வந்து கடிதத்தை முகர்ந்தது.
ஒன்பது.

பதினொன்றில் வந்தார்,
துவக்கு முதுகில்,
போத்தல் இரண்டு கையிலும் நிமிர்ந்தபடி.
முட்டையில் ஒரு கீறல் இல்லை.
கம்பிக்கு மேலால் தந்துவிட்டு ஏதோ கேட்டார்.
அஸ்மியா என் பக்கம் திரும்பினாள்:
'எவ்வளவு உயரம் போனது எண்டு கேக்கிறார்.'

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.
அவரும் அண்ணாந்தார்,
தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
ஒன்றுமில்லாத அந்த இடத்தைக் கொஞ்சநேரம்.

படிவத்தில் எங்கள் வரிசை:
முட்டை, முழுசு. நேரம், பிந்தியது.
உயரம் என்ற கட்டத்தில் நானே ஒரு கோடு போட்டேன்.
கஜானி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

முட்டையை அஸ்மியா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.
கிண்ணியாப் பாலத்தில் பஸ் பிறேக் அடிக்க
மடியிலேயே உடைந்ததாம்.